வலக்காலில் கியர்: இந்திய இருசக்கர வண்டிகளின் பழக்க வரலாறு

மோட்டார் சைக்கிளின் வரலாறு பெரும்பாலும் எஞ்சினின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை சி.சி., எத்தனை குதிரைத்திறன், எந்த ஆண்டில் எந்த நிறுவனம் என்று அவ்வரலாறு நடக்கும். ஓட்டுபவரின் கையும் காலும் அதில் இடம்பெறுவது அரிது. ஆனால் வண்டியை இயக்குவது அந்தக் கையும் காலும்தான். கியர் எந்தப் பக்கம், பிரேக் எந்தக் காலுக்கு, ஹாரன் எந்த விரலுக்கு என்ற தீர்மானங்கள் தொழிற்சாலையில் எடுக்கப்படுகின்றன. அவற்றின் விளைவு பல்லாயிரம் உடல்களில் பழக்கமாகப் படிகிறது. தீர்மானம் மாறும்போது வண்டி ஒரே நாளில் மாறிவிடும். உடல் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. இந்த இடைவெளிக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் அது சற்று நீண்டது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் 'பொது அமைப்பு' என ஒன்று இருக்கவில்லை. அமெரிக்காவின் 'இந்தியன்' நிறுவனம் தன் பல மாடல்களில் ஆக்சிலரேட்டரை இடப்பிடியில் வைத்தது. அந்நாட்டின் பழைய ஹார்லி-டேவிட்சன் வண்டிகளில் கிளட்ச் காலிலும் கியர்க் கம்பி பெட்ரோல் டாங்கின் ஓரத்திலும் இருந்தன. இங்கிலாந்தில் 1920களின் இறுதியில் வெலோசெட் நிறுவனத்தின் ஹரால்டு வில்லிஸ், ஒவ்வொரு மிதிக்கும் ஒரே ஒரு கியர் மாறிவிட்டு மிதி தன் இடத்துக்கே திரும்பும் பொறியமைப்பை உருவாக்கினார். பிற ஆங்கில நிறுவனங்களும் அம்முறையைப் பின்பற்றின. அவற்றின் வண்டிகளில் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைக்கும் சங்கிலி இடப்பக்கம் ஓடியது. ஆகவே கியர் மிதி வலப்பக்கம் அமைந்தது. எஞ்சியிருந்த இடக்காலுக்கு பிரேக் வந்தது. ஓட்டுபவரின் வசதி குறித்த ஆராய்ச்சியைவிட இரும்புத் துண்டுகளுக்குக் கிடைத்த இடமே இதில் மிகுதியும் தீர்மானித்தது எனலாம். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ., செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா முதலியவை கியரை இடக்காலுக்குக் கொடுத்தன.

இந்தியாவுக்கு இவ்விரு மரபுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. இந்தியப் படைக்கு ராயல் என்ஃபீல்டு புல்லட் தேர்வானதை அடுத்து, 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் உருவானது. அதன் கியர் வலக்காலுக்கு உரியது: முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்றவற்றுக்குக் கீழே மிதிக்க வேண்டும். நியூட்ரலைத் தேட வலக் குதிகாலுக்குத் தனியே ஒரு சிறு மிதியும் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை எழுந்தது. ஜாவாவில் கியர் இடப்பக்கம். அதே மிதியைத் திருப்பி நிறுத்தினால் அதுவே கிக்கராகவும் ஆகும். பம்பாய், பூனா, லக்னோ ஆகிய நகரங்களின் ஆலைகளிலிருந்து வெளிவந்த இத்தாலிய மரபு ஸ்கூட்டர்களில் கியர் காலில் இல்லை. கிளட்சை அழுத்தியபடி இடப்பிடியையே திருக வேண்டும். ஆக, கியர் மாற்ற வலக்கால், இடக்கால், இடக்கை என மூன்று உறுப்புகளுக்கு மூன்று வேறு இலக்கணங்கள் ஒரே தெருவில் ஓடின.

1974 செப்டம்பர் முதல் நாளுக்குப் பின் தயாராகும் மோட்டார் சைக்கிள்களுக்கு அமெரிக்கா ஒரு கூட்டாட்சித் தரத்தைக் கட்டாயமாக்கியது. கியர் இடக்காலுக்கு, பின்பிரேக் வலக்காலுக்கு, கிளட்ச் இடக்கைக்கு, முன்பிரேக் வலக்கைக்கு என்று அது வரையறுத்தது. ஜப்பானிய வண்டிகளுள் பெரும்பாலானவை முன்பே இப்படித்தான் இருந்தன. அமெரிக்கச் சந்தையை நம்பி வாழ்ந்த ஆங்கில நிறுவனங்களுக்கோ இது பெருஞ்சுமை. 1975ஆம் ஆண்டின் நார்ட்டன் கமாண்டோவில் வலப்பக்கக் கியர்ப்பெட்டியிலிருந்து இடப்பக்கத்துக்குக் குறுக்குத் தண்டு ஒன்றை ஓட்டி இந்தச் சட்டத்துக்கு வழிசெய்தார்கள். உள்ளிருந்த எந்திரம் மாறவில்லை. அதனோடு உடல் தொடர்புகொள்ளும் இடம் மட்டும் மாறியது. அதன் பின்னர் உலகச் சந்தையில் இடக்கால் கியரே பொதுமொழியாயிற்று.

இந்தியாவை அந்த அலை உடனே தொடவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும் உரிம முறையும் நிலவிய காலம் அது. புல்லட்டுக்கு வெளிப்போட்டி இல்லை, வடிவமைப்பை மாற்றும் தேவையும் எழவில்லை. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு 1970 வாக்கில் மூடப்பட்ட பிறகும், அதன் வலக்கால் இலக்கணம் சென்னையில் உயிரோடு இருந்தது. தாயகத்தில் வழக்கொழிந்த சொல் குடியேறிய நாட்டில் நிலைத்திருப்பதை மொழி வரலாறு படித்தோர் அறிவர். இதுவும் ஏறத்தாழ அப்படியே. 1980களில் ஜப்பானியக் கூட்டு நிறுவனங்களின் நூறு சி.சி. வண்டிகள் வந்தபோது, வண்டி ஓட்டப் புதிதாகப் பழகிய ஒரு முழுத் தலைமுறை இடக்காலிலேயே தொடங்கியது. புத்தாயிரத்தின் முதல் பத்தாண்டில் என்ஃபீல்டு இரு வழிகளையும் ஒருசேர வைத்திருந்தது: எலெக்ட்ரா மாடலிலேயே நான்கு கியர் வண்டிக்கு வலக்கால், ஐந்து கியர் வண்டிக்கு இடக்கால். 2010ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றதோடு வலக்கால் கியரும் புதிய வண்டிகளிலிருந்து மறைந்தது.

இம்மாற்றத்தின் கடுமையைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போதும். வலக்கால் புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இடக்கால் புல்லட்டில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. பக்கம் மாறியதோடு திசையும் தலைகீழானது. இருபது ஆண்டுகள் பழைய வண்டியை ஓட்டியவர் புதிய வண்டியில் ஏறுகிறார் என்று கொள்வோம். வெற்றுச் சாலையில் அவருக்குச் சிரமம் இல்லை; நிதானித்து, எண்ணி, சரியாகவே மிதிப்பார். திடீரென ஒரு மாடு குறுக்கே வருகிறது. பிரேக்குக்காக இடக்கால் தானே கீழிறங்குகிறது. அங்கே இருப்பதோ கியர் மிதி. வண்டி நிற்க வேண்டிய கணத்தில் காலடியில் கியர் மாறுகிறது.

இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகளின் பிழைகளை ஆராய்ந்த பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் ஆகியோர் 1947இல் இத்தகைய நிகழ்வுகளைத் தொகுத்தனர். 'விமானியின் தவறு' என்று பதிவான 460 அனுபவங்களில் மிகப் பெரிய வகை, ஒரு கருவிக்குப் பதில் இன்னொன்றை இயக்கியது. வெவ்வேறு விமானங்களில் ஒரே வேலைக்கான கருவிகள் வெவ்வேறு வரிசையில் இருந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அல்போன்ஸ் சாப்பானிஸ் கண்ட தீர்வு எளியது: தரையிறங்கு சக்கரத்தின் கைப்பிடிக்குச் சக்கர வடிவம் கொடுத்தால் விரலே வேறுபாட்டை உணரும். பிழையின் இருப்பிடம் மனிதரிலிருந்து வடிவமைப்புக்கு மாறிய தருணம் அது.

மொழியியலில் இதற்கு நெருங்கிய கருத்து ஒன்று உண்டு. இருமொழியாளரின் பேச்சில் ஒரு மொழியின் விதி மற்றொன்றில் நுழைவதை யூரியல் வைன்ரைக் 1953இல் வெளியான தம் நூலில் 'குறுக்கீடு' என்று விளக்கினார். முற்றிலும் அயலான மொழியைவிட, பாதி ஒத்தும் பாதி வேறுபட்டும் இருக்கும் மொழியில் குறுக்கீடு நம்மை அறியாமல் நுழைந்துவிடுகிறது. இருசக்கர வண்டிக்கும் இது பொருந்தும். மோட்டார் சைக்கிளில் இடக்கை நெம்புகோல் கிளட்ச். 2001இல் வந்த ஆக்டிவா போன்ற கியரில்லா ஸ்கூட்டரில் அதே இடத்தில், அதே வடிவில், அதே விரல்களுக்குப் பின்பிரேக். ஆக்டிவாவில் பழகிய மாணவர் நண்பரின் மோட்டார் சைக்கிளை வாங்கி ஓட்டும்போது, நிற்பதற்காக இடக்கையை இறுக்கினால் எஞ்சினின் பிணைப்பு அறுந்து வண்டி தடையின்றி உருளும். எதிர்த்திசையில், சேத்தக்கில் பழகிய தந்தை ஆக்டிவாவில் ஏறினால் அவருடைய வலக்கால் வெறும் தளத்தை மிதித்துக்கொண்டிருக்கும். 2019 முதல் 125 சி.சி. வரையிலான வண்டிகளில் இணைப்பு பிரேக் பரவியபோது, ஸ்கூட்டரின் அந்த இடக்கை நெம்புகோல் முன்சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கத் தொடங்கியது. ஒரே சொல்லுக்கு மூன்றாவது பொருள்.

கட்டைவிரலின் உலகிலும் இதே கதைதான். பி.எம்.டபிள்யூ. 1983இல் கே100 மாடலுடன் இண்டிகேட்டரை இரண்டாகப் பிரித்தது: இடப்பக்கம் திரும்ப இடப்பிடியிலும், வலப்பக்கம் திரும்ப வலப்பிடியிலும் தனித்தனிப் பொத்தான், அணைப்பதற்கு வலப்பக்கத்தில் இன்னொரு அசைவு. தருக்கப்படி இதுவே செம்மையானது: இடம் இடத்துக்கு, வலம் வலத்துக்கு. ஆனாலும் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் அந்நிறுவனம் பிறர் வழிக்கே திரும்பியது. பழக்கத்தின் முன் தருக்கம் பணிந்த எடுத்துக்காட்டு இது. ஹோண்டா தன் சில மாடல்களில் ஹாரனையும் இண்டிகேட்டரையும் இடம் மாற்றி வைத்தது. ஹாரனை இந்திய ஓட்டுநர் எத்தனை முறை நாடுகிறார் என்பதை அறிந்தோர்க்கு இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை: திரும்ப விரும்பியவர் ஒலி எழுப்புகிறார், எச்சரிக்க விரும்பியவர் விளக்கைச் சிமிட்டுகிறார். 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்றானபோது, அதை அணைக்கும் சுவிட்சே நீங்கியது. 2020இன் மீட்டியர் 350 மாடலிலோ ராயல் என்ஃபீல்டு பழைய பாணியை நினைவூட்டும் திருகு சுவிட்சுகளைக் கொண்டுவந்தது. ஆக, சுவிட்சுகள் ஒரே திசையில் முன்னேறிச் செல்வதில்லை; சில மறைகின்றன, சில திரும்பி வருகின்றன.

இவ்வளவு வேற்றுமைகளுக்கு நடுவே சட்டம் எதைக் காண்கிறது? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருசக்கர உரிமத்தைக் கியர் உள்ளது, கியர் இல்லாதது என இரண்டாகப் பிரிக்கிறது. கியர் எந்தக் காலில், எந்தக் கையில் என்ற கேள்வி உரிமத்தில் இல்லை. இடக்காலில் தேர்வு எழுதியவர் மறுநாளே வலக்கால் புல்லட்டை நெடுஞ்சாலையில் ஓட்டத் தடையில்லை. பயிற்சியின் பொறுப்பு மெக்கானிக்கிடமும், வண்டியை விற்றவரிடமும், பின்னால் அமர்ந்து 'இது ரைட் கியர்' என்று எச்சரிக்கும் நண்பரிடமும் விடப்பட்டுள்ளது. எழுதப்படாத இந்தப் பயிற்சி மரபு எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை; பணிமனைகளின் நினைவில் மட்டும் இருக்கிறது.

பொதுத்தரம் இதற்கு முழு விடை ஆகாது. 1974இன் தரம் உயிர்களைக் காத்திருக்கலாம். கூடவே, ஒரு குறிப்பிட்ட உடலை 'இயல்பான உடல்' என்றும் அது முன்முடிவு செய்தது. இரு கைகளும் இரு கால்களும் தனித்தனியே வேலை செய்யும் உடல் அது. இடக்காலை அசைக்க இயலாதவருக்கு இடக்கால் கியர் மூடிய கதவு. பிரேக்குகளைக் கைக்குக் கொண்டுவந்த கியரில்லா ஸ்கூட்டரோ, பக்கச் சக்கரங்கள் பொருத்தப்பட்டு, கால் செயலிழந்த எத்தனையோ பேருக்குக் கல்லூரிக்கும் வேலைக்கும் செல்லும் வழியாயிற்று. பழகிய ஓட்டுநருக்குக் குழப்பம் தந்த அதே இடமாற்றம் இன்னொருவருக்கு விடுதலையாக அமைந்தது.

ஆகவே, விந்தையான சுவிட்ச் அமைப்பு என ஒன்று தன்னளவில் இல்லை. ஒருவர் முதலில் கற்ற அமைப்பே மற்றவற்றை விந்தையாக்குகிறது. புதியதைக் கற்பது சில நாள் வேலை. பழையது அழிவதில்லை; அடியில் தங்கி, அச்சம் எழும் கணத்தில் மேலே வருகிறது. இந்தியத் தொழில் வரலாற்றை எழுதுவோர் ஆலைகளின் உற்பத்திக் கணக்கோடு இந்தப் பழக்கங்களின் கணக்கையும் சேர்க்க வேண்டும். வலக்கால் கியரில் வாழ்நாளைக் கழித்த மெக்கானிக்குகளும் தபால்காரர்களும் காவலர்களும் படைவீரர்களும் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களுடைய வாய்மொழியைப் பதிவு செய்வதற்கான காலம் குறுகியது.