போர்ட்லந்து நகரின் வண்ண மாளிகை



மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கூறுகின்றன. குடியாட்சியின் வரலாற்றைக் கூறுவதில் பொதுக் கட்டடங்களுக்கும் பங்கு உண்டு. ஒரு நகரத்து மக்கள் தம் வரிப்பணத்தைக் கொண்டு எத்தகைய கட்டடத்தை எழுப்பினார்கள், அதை விரும்பினார்களா, வெறுத்தார்களா, பின்னர் எவ்வாறு பேணினார்கள் என்று ஆராய்ந்தால் அம்மக்களின் உள்ளம் நமக்குப் புலனாகும். எழுந்த நாள் முதலாகவே வழக்காடப்பட்ட ஒரு கட்டடத்தைப் பற்றி இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையை அடுத்து ஓரிகன் என்னும் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தின் பெரிய நகரம் போர்ட்லந்து. வில்லமெட் என்னும் ஆறு அதன் நடுவே ஓடுகிறது. அந்நகரில் வாழும் என் மகளின் இல்லத்தில் 2023-ஆம் ஆண்டின் கோடையில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அப்போது ஐந்தாம் தெருவில் உள்ள 'போர்ட்லந்து கட்டடம்' என்னும் நகராட்சி அலுவலக மாளிகையை இருமுறை சென்று கண்டேன்.

அதன் ஒரு பக்கத்தில் 1895-இல் கட்டப்பட்ட நகர மன்றம் நிற்கிறது. மறுபக்கத்தில் 1914-இல் முடிந்த பழைய நீதிமன்றம் நிற்கிறது. இரண்டும் தூண்களும் மாடங்களும் கொண்ட பழைய முறைக் கட்டடங்கள். இவ்விரண்டு முதியோர்க்கும் இடையே வண்ண உடை அணிந்த இளைஞன் ஒருவன் வந்து நிற்பதைப் போல் இம்மாளிகை தோன்றுகிறது. பதினைந்து மாடி உயரமுள்ள பெட்டி போன்ற வடிவம். அடியில் நீலப் பச்சை நிறம். மேலே வெண்மை கலந்த மஞ்சள் நிறச் சுவர். அச்சுவரில் வரிசை வரிசையாகச் சிறிய சதுரச் சாளரங்கள். முகப்பின் நடுவே செம்மண் நிறத்தில் இரு பெருந்தூண்களின் உருவம் பல மாடி உயரத்துக்குத் தீட்டப்பட்டது போல் நிற்கிறது. பக்கச் சுவரில் நீல நிற நாடாக்கள் தொங்குவதைப் போன்ற அணி வேலை உள்ளது. தூண்கள் போல் தோன்றுபவை எதையும் தாங்கவில்லை. நாடாக்கள் போல் தோன்றுபவை காற்றில் அசைவதும் இல்லை. அவை யாவும் சுவரின் மேல் அமைந்த கோலங்களே.

இவ்வாறு ஏன் கட்டினார்கள் என்பதை அறிய, சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் கண்ணாடியும் உலோகமும் கொண்டு, அணி வேலை ஏதும் இன்றி, உயர்ந்த கட்டடங்களை எழுப்பும் முறை பரவியது. இதனை நவீன முறை என்றார்கள். இம்முறையின் முன்னோடிகளுள் ஒன்று இதே போர்ட்லந்து நகரில்தான் இருக்கிறது. பியெத்ரோ பெலுஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் 1948-இல் முடித்த ஈக்விட்டபிள் கட்டடம் அது. அலுமினியத் தகடும் கண்ணாடியும் போர்த்திய அக்கட்டடம் அந்நாளில் புதுமையாக விளங்கியது.

ஆண்டுகள் செல்லச் செல்ல, எந்த நகரத்துக்குச் சென்றாலும் ஒரே வகையான கண்ணாடிப் பெட்டிகளே எதிர்ப்பட்டன. இம்முறையில் மக்களுக்கு அறிமுகமான அடையாளம் எதுவும் இல்லையே என்று சிலர் வினவத் தொடங்கினர். ராபர்ட் வென்ச்சூரி என்பார் 1966-இல் வெளியிட்ட நூல் இவ்வினாவுக்கு வலிமை தந்தது. பழங்காலத் தூண், வளைவு, மாலை, வண்ணம் ஆகியவற்றை மீண்டும் எடுத்து, சிறிது விளையாட்டுணர்வோடு புதிய கட்டடங்களில் அமைக்கும் போக்கு இதிலிருந்து வளர்ந்தது. அதற்குப் 'பின்நவீன முறை' என்று பெயர்.

போர்ட்லந்து நகராட்சி தன் அலுவலகங்களை ஓரிடத்தில் சேர்க்கக் கருதி, போட்டி ஒன்றை அறிவித்தது. செலவுக்கு உச்ச வரம்பு முன்னரே கட்டப்பட்டிருந்தது. இறுதிச் சுற்றுக்கு வந்தவருள் கனடா நாட்டின் ஆர்தர் எரிக்சனும், நியூ ஜெர்சி மாநிலத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மைக்கேல் கிரேவ்சும் இருந்தனர். அக்காலத்தின் புகழ்மிக்க கட்டடக் கலைஞரான பிலிப் ஜான்சன் தேர்வுக் குழுவுக்கு ஆலோசனை கூறினார். 1980-இல் கிரேவ்சின் திட்டம் தெரிவு செய்யப்பட்டது. அதுவரை இத்துணைப் பெரிய கட்டடம் எதையும் அவர் கட்டியதில்லை.

ஊரில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. உள்ளூர்க் கட்டடக் கலைஞர்கள் பலர் எதிர்த்தனர். அவர்களுள் தலையாயவர் முதியவரான பெலுஸ்கியே. பெரிதாக்கப்பட்ட பாட்டுப் பெட்டி என்றும், நாடா கட்டிய பரிசுப் பொட்டலம் என்றும் பொருள்பட அவர் எள்ளினார். கண்ணாடிக் கட்டடத்தின் முன்னோடிக்கு இவ்வண்ணக் கோலம் பிடிக்காமற் போனதில் வியப்பில்லை. மற்றொரு சாராரோ, உயிரற்ற பெட்டிகளிலிருந்து நகரத்துக்கு விடுதலை வந்துவிட்டது என்று மகிழ்ந்தனர். வழக்கு நகர மன்றத்துக்குச் சென்றது. திட்டம் சில மாற்றங்களோடு நிலைபெற்றது. கூரையின் மேல் சிறு கோயில்களைப் போல் கிரேவ்ஸ் வரைந்திருந்த மண்டபங்கள் கைவிடப்பட்டன. சுவரிலிருந்து விலகிப் பறப்பதாக அவர் எண்ணிய மாலைகள் தட்டையான நாடாக்களாகச் சுருங்கின. 1982-இல் கட்டடம் திறக்கப்பட்டது.

1985-இல் முகப்பு வாயிலுக்கு மேல் ஒரு பெண்ணுருவம் ஏற்றப்பட்டது. 'போர்ட்லந்தியா' என்பது அதன் பெயர். ரேமண்ட் காஸ்கி என்னும் சிற்பி செப்புத் தகடுகளைத் தட்டி உருவாக்கினார். நியூயார்க்கில் உள்ள சுதந்திர தேவியின் சிலையும் இதே முறையில் அமைந்ததே. அமெரிக்காவில் இவ்வகைச் சிலைகளில் அதற்கு அடுத்த பெரியது இது. மண்டியிட்ட நிலையிலேயே ஏறக்குறைய 35 அடி உயரம் உடையது. ஒரு கையில் சூலம் ஏந்தி, மறு கையைத் தெருவை நோக்கி நீட்டியிருக்கிறாள். படகில் வைத்து ஆற்றின் வழியே கொண்டுவந்தபோது நகரமே கரையில் திரண்டு வரவேற்றதாம். கட்டடத்தைப் பழித்தவர்களும் சிலையை விரும்பினார்கள்.

நண்பர்களே, இதுவரை நான் கூறியது அழகைப் பற்றிய வழக்கு. அவ்வழக்கில் இரு தரப்பாரும் கட்டடத்தின் முகத்தைப் பற்றியே பெரிதும் பேசினர். அதன் உடல்நலத்தை எண்ணியவர் சிலரே. உண்மையான இடர்ப்பாடு உள்ளே இருந்தது. 1970-களில் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்திருந்தமையால் எரிசக்திச் சிக்கனம் பெரிதாக மதிக்கப்பட்டது. சாளரங்கள் நான்கடிச் சதுரமாகச் சிறுத்தமைக்கு அதுவும் ஒரு காரணம். கண்ணாடியோ இருண்ட நிறம் உடையது. ஆகவே உள்ளே பணிபுரிந்தவர்க்கு வானமும் வெயிலும் அரிதாயின. வரம்பிட்ட சிறு தொகைக்குள் முடிக்க வேண்டியிருந்தமையால் கற்காரைச் சுவரின் மேல் வண்ணமே பூசப்பட்டது. ஓரிகனின் மழை நீண்டது. நாளடைவில் சுவர் வழியே நீர் கசிந்தது. சட்டத்திலும் குறைகள் தோன்றின. நிலநடுக்கத்தைத் தாங்குமா என்ற ஐயமும் எழுந்தது.

2011-இல் இக்கட்டடம் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பொதுவாக ஐம்பது ஆண்டு கடந்தவற்றையே அப்பட்டியலில் சேர்ப்பர்; இதற்கு முப்பது ஆண்டுகூட நிறையவில்லை. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 2014-இல், பழுது பார்க்கும் செலவைக் கேட்ட நகர மன்றத்தாருள் சிலர் இடித்துவிடலாம் என்றே கூறினர். 2003 முதல் உடல் செயலிழந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்த கிரேவ்ஸ் அவ்வாண்டு போர்ட்லந்துக்கு வந்து தம் படைப்புக்காக வாதாடினார். மறு ஆண்டே அவர் மறைந்தார்.

முடிவில் நகரம் இடிக்கவில்லை, புதுப்பித்தது. 2017-இல் தொடங்கிய பணி 2020-இல் முடிந்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 19.5 கோடி டாலர். முதலில் கட்டிய செலவு மூன்று கோடி டாலருக்கும் குறைவு. இடைக்காலத்தில் பணத்தின் மதிப்பு மாறியதை நினைவில் கொண்டாலும், இவ்வேற்றுமை சிந்திக்கத் தக்கது. பழைய சுவரின் மேல் அலுமினியத்தால் ஒரு புதிய மேற்போர்வை அமைத்து நீர் புகாமல் தடுத்தார்கள். இருண்ட கண்ணாடியை நீக்கித் தெளிந்த கண்ணாடி பொருத்தினார்கள். பெலுஸ்கி போற்றிய அலுமினியமே, அவர் எள்ளிய கட்டடத்தைக் காக்க வந்தது! மூல உருவம் மறைந்துவிட்டது என்று மரபுப் பாதுகாவலர் சிலர் வருந்தினர். இடிபட்டுப் போவதினும் இது மேல் என்பது மற்றவர் கருத்து.

நான் சென்ற நாளில் தரைத்தளம் வெளிச்சமாக இருந்தது. மக்கள் தம் அலுவல்களுக்காக வந்து சென்றுகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரும் தூண்களைப் பார்க்கவில்லை. பழகிய கட்டடத்தை யார் நின்று பார்க்கிறார்கள்! எதிர்த் தெருவில் நின்று நெடுநேரம் பார்த்தவன் நான் ஒருவனே. தொலைவிலிருந்தே அடையாளம் கண்டு, 'இது எங்கள் நகரத்தின் இல்லம்' என்று கூறத்தக்க முகத்தைக் கிரேவ்ஸ் அந்நகருக்குத் தந்தார் என்பதை நான் மறுக்க மாட்டேன். அது ஒரு பேறுதான். ஆயினும் அம்முகத்துக்குப் பின்னே ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுக் காலம் மங்கிய அறைகளில் எழுதுகோல் பிடித்தவர்களையும் நாம் மறத்தல் ஆகாது. பொதுக் கட்டடம் தெருவில் செல்பவர்க்கும் உரியது. உள்ளே உழைப்பவர்க்கும் உரியது.

உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் நகர மன்றங்களில் அமர்வீர்கள். எல்லோரும் வரி செலுத்துவீர்கள். புதிய கட்டடத்தின் வரைபடம் ஒன்று உங்கள் முன் வைக்கப்படும்போது, அழகா அழகில்லையா என்று விவாதியுங்கள். அது உங்கள் உரிமை. அத்துடன் வேறு சில வினாக்களையும் கேளுங்கள். மழை எவ்வழியே வடியும்? ஒளி எவ்வழியே வரும்? இன்று மிச்சம் பிடிக்கும் தொகையை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் யார் கட்டுவார்? 1980-இல் போர்ட்லந்து நகரில் இவ்வினாக்களை உரத்துக் கேட்டவர் மிகுதியாக இருந்திருந்தால், அவ்வண்ணத் தூண்களுக்குப் பின்னே நல்ல சுவரும் எழுந்திருக்கும்.