பொங்கல் லீவில் சைக்கிள் பயிற்சி: ஊரையும் விட வேண்டாம், 200 கிலோமீட்டரையும் விட வேண்டாம்!

பிப்ரவரி முதல் வாரத்தில் உங்களுக்கு 200 கி.மீ. பிரெவே. பணம் கட்டியாச்சு, பயிற்சியும் நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு. நடுவில் பொங்கல் வந்துவிடுகிறது. ஊருக்குப் போனால் நாலு நாள் பயிற்சி போச்சே என்று கவலை. போகாவிட்டால், "வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பொங்கலைவிட சைக்கிள்தான் முக்கியமா?" என்று அம்மா கேட்பார். கொஞ்சம் திட்டமிட்டால் ரெண்டையும் சமாளிக்கலாம்.

முதலில் கணக்கைப் பாருங்க

பிரெவே என்பது ரேஸ் அல்ல. ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் விதிப்படி 200 கி.மீ. தூரத்தை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். சாப்பிடவும் பஞ்சர் ஒட்டவும் நிற்கும் நேரமும் இதில் அடக்கம். அதாவது, மணிக்குச் சராசரியாக 15 கி.மீ. போனால் போதும். இதற்கு வேகத்தைவிட, மாதக்கணக்கில் சேர்த்துவைத்த தாக்குப்பிடிக்கும் திறன்தான் முக்கியம். நாலு நாள் ஓய்வில் அது கரைந்துவிடாது. இரண்டு வாரம் முழுசாக விட்டால்தான் குறைவது நன்றாகத் தெரியும்.

இன்னொரு விஷயம். சைக்கிள் ஓட்டிக் களைத்த உடம்பு ஓய்வில்தான் தேறிப் பலமாகிறது. அதனால்தான் மூன்று வாரம் கடுமையாக ஓட்டிவிட்டு, நாலாவது வாரம் பாதியாகக் குறைப்பது வழக்கம். அந்த லேசான வாரத்தைப் பொங்கலில் வையுங்க. டிசம்பர் 24 முதல் 31 வரை எட்டு நாளில் 500 கி.மீ. ஓட்டும் 'ஃபெஸ்டிவ் 500' சவாலை முடித்தவர்களுக்கு இந்த ஓய்வு இன்னும் அவசியம்.

நாலு நாள், நாலு விதம்

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு: 100 முதல் 120 கி.மீ. வரை ஒரு நீண்ட ரைடு. ஊருக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்க.

போகி: காலையில் சைக்கிளைத் தொடாதீங்க. பழைய பொருள்களை எரிக்கும் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்தால் எதிரே வரும் லாரி தெரியாது. அந்தக் காற்றை மூச்சிரைக்க இழுப்பது நுரையீரலுக்கும் கெடுதல். ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வந்திருந்தால், தூக்கம்தான் அன்றைய பயிற்சி.

தைப்பொங்கல்: முழு ஓய்வு. பானை பொங்கும்போது நீங்கள் வீட்டில் இருக்கணும்.

மாட்டுப்பொங்கல்: ஒரு மணி நேரம் போதும். 15 நிமிடம் மெதுவாக ஓட்டி உடம்பைச் சூடாக்குங்க. பிறகு 3 நிமிடம் வேகம், 3 நிமிடம் நிதானம் என ஐந்து முறை. கடைசி 15 நிமிடம் மெதுவாக வீடு திரும்புங்க.

காணும் பொங்கல்: கடற்கரைச் சாலைகளில் கூட்டம் அள்ளும். ஓட்டியே ஆகணும்னா விடிந்ததும் கிளம்பி, 8 மணிக்குள் திரும்பிவிடுங்க. மதுரைப் பக்கம் ஊர் என்றால் இன்னும் கவனம். பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்து அலங்காநல்லூர் என ஜல்லிக்கட்டு நடக்கும். அந்தந்த நாளில் அந்தச் சாலையைத் தவிர்த்துவிடுங்க.

ஊரில் சைக்கிள் இல்லையா?

அப்பாவின் பழைய சைக்கிளே போதும். ஆனால், சீட் உயரத்தைச் சரி பண்ணுங்க. பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கணும். சீட் தாழ்வாக இருந்தால் முட்டி வலி வரும், பிப்ரவரி ரைடே போய்விடும். ஜனவரி நடுவில் சூரியன் உதிக்கவே ஆறரை மணி ஆகும். அதனால் பின்பக்கச் சிவப்பு விளக்கும் ஹெல்மெட்டும் ஊருக்குப் போகும் பையில் கட்டாயம் இருக்கட்டும்.

சர்க்கரைப் பொங்கல் சாப்பிடலாமா?

தாராளமாக! அரிசியும் வெல்லமும் தசைகளுக்கு நல்ல எரிபொருள். ஆனால், நெய்யும் முந்திரியும் செரிக்க நேரமாகும். அதனால் ரைடுக்கு முன் வேண்டாம், முடித்துவிட்டு வந்து சாப்பிடுங்க. கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம் போதும்.

நீண்ட ரைடுகளில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். கூடவே கடலைமிட்டாய் வைத்துக்கொள்ளுங்க. பனிக்காலத்தில் தாகம் தெரியாது என்பதால், 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிப்பதை மறக்காதீங்க.

திரும்பி வந்ததும் செய்யும் தப்பு

விட்டுப்போன கிலோமீட்டரை ஒரே நாளில் ஈடுகட்டப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தப்பு. முட்டியும் முதுகும் பிடித்துக்கொள்வது அப்போதுதான். ஊரிலிருந்து வந்த வார இறுதியில் 80 முதல் 100 கி.மீ., அடுத்த வாரம் 130 முதல் 150. பிரெவேக்கு முந்தைய வாரம் பாதியாகக் குறைத்து, நன்றாகத் தூங்குங்க.

கிளம்பும் முன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க: "காலையில ஒரு மணி நேரம் மட்டும், எட்டு மணிக்கு வந்துடுவேன்." சொன்னபடி எட்டு மணிக்கு வந்து நின்றால், அடுத்த வருஷம் அம்மாவே கேட்பார்: "சைக்கிள் கொண்டு வரலையா?"