பிறப்புக்கால மூளைப் பாதிப்பு: கண்டிப் பகுதிக் குடும்பங்களின் மருத்துவ, சட்டக் கேள்விகள்

பிறப்புக்கால மூளைப் பாதிப்பு என்பது பிரசவத்தின்போதோ அதை அண்டிய நாட்களிலோ குழந்தையின் மூளைக்கு ஏற்படும் சேதம். ஒட்சிசன் குறைவு, கடும் மஞ்சட்காமாலை, கிருமித்தொற்று, மூளைக்குள் குருதிக்கசிவு ஆகியவை இதன் காரணங்களுட் சில. கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை, பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை ஆகியன இப்பகுதியின் பெரிய அரச நிலையங்கள்.

"புள்ள பொறந்ததும் அழுகலையே, அதுதான் காரணமா?" என்பதே தாய்மார் கேட்கும் முதற் கேள்வி. அழாமை மட்டும் எதையும் நிறுவாது. பிறந்தவுடன் குழந்தையின் நிலைக்கு இடப்படும் அப்கார் புள்ளி, தொப்புள்கொடிக் குருதியின் அமிலத்தன்மை, முதல் நாட்களில் வந்த வலிப்பு, எம்.ஆர்.ஐ. படம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூளைச் சேதத்தால் உடலியக்கம் குன்றும் பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே பிரசவநேர ஒட்சிசன் குறைவு காரணம் என ஆய்வுகள் கூறுகின்றன. டாக்டர் இதைச் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறார் எனப் பெற்றோருக்குத் தோன்றும். அவர் சொல்வது உண்மைதான்; ஆனால் உங்கள் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதற்கு அது விடையல்ல. அந்த விடையைக் கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

ஒட்சிசன் குறைவால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கான குளிரூட்டும் சிகிச்சை பற்றியும் கேட்கிறார்கள். செல்வந்த நாடுகளில் பிறந்து 6 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 72 மணித்தியாலம் குழந்தையின் உடலைக் குளிர்விப்பார்கள். இந்தியா, இலங்கை, பங்களாதேஷில் 408 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்விலோ, குளிரூட்டப்பட்டோரில் 42 சதவீதமும் மற்றோரில் 31 சதவீதமும் இறந்தனர். எனவே குளிரூட்டவில்லை என்பதை மட்டும் வைத்து இங்கே கவனயீனம் என்று சொல்லிவிட முடியாது.

சட்டத்தில் இடறும் இடமும் காரணத் தொடர்புதான். இலங்கை நீதிமன்றங்கள் இவ்வழக்குகளை உரோமன் டச்சுச் சட்டப்படி விசாரிக்கின்றன. முன்மாதிரியான வழக்கு, சிறுவர் நோய் வைத்தியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரானது; அது பிரசவம் பற்றியதன்று. மூளைக் கட்டியால் இறந்த சிறுமி பற்றியது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. தவறு இருந்தாலும், அதனால்தான் இழப்பு நேர்ந்தது என்று நிறுவப்படாவிட்டால் நட்டஈடு இல்லை.

அரச வைத்தியசாலை என்றால் 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசைப் பொறுப்பாக்கலாம்; சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். பெற்றோரின் சொந்தக் கோரிக்கைக்குக் காலஎல்லை 2 ஆண்டுகளே. பிள்ளையின் உரிமைக்கு அதன் பராயமடையாமை பாதுகாப்புத் தருகிறது.

கலஹா, தெல்தோட்டைத் தோட்டத்துத் தாய்க்குப் பதிவேடுகள் ஆங்கிலத்திலும் விளக்கம் சிங்களத்திலும் கிடைப்பது பெரும் அநீதி. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தன் மருத்துவப் பதிவுகளை அவரே எழுத்தில் கேட்கலாம். கட்டணம் கட்ட வழியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

பெற்றோரே, பதிவுகளை இன்றே கேளுங்கள். வழக்கு முடியட்டும் என்று பிள்ளையின் பிசியோதெரபியைத் தள்ளிப்போடாதீர்கள்.