மெக்கானிக்குக்கு இடமில்லை: ஓட்டமும் சைக்கிளும் சேர்ந்த கதை

இந்த எபிசோடை கொஞ்சம் நொண்டிக்கிட்டே வந்து ரெக்கார்ட் பண்றேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில ஈசிஆர்ல என் வாழ்க்கையோட முதல் டூயத்லானை முடிச்சேன். 5 கிலோமீட்டர் ஓட்டம், 20 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கினதும் மறுபடி 2.5 கிலோமீட்டர் ஓட்டம். இந்த விளையாட்டுல இதுக்கு ஸ்பிரின்ட் தூரம்னு பேரு. அதாவது சின்ன சைஸ். என் தொடைகிட்ட கேட்டீங்கன்னா வேற பதில் சொல்லும்.

"ஹிஸ்டரி பாட்காஸ்ட்ல எதுக்கு உன் தொடைக் கதை?"ன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு.

காலை அஞ்சு மணிக்கு சைக்கிளை ஸ்டாண்டுல மாட்டப் போனேன். வரிசையா கார்பன் சைக்கிள்கள். சிலதோட விலை என் ஒரு வருஷ வீட்டு வாடகையைத் தாண்டும். நடுவுல நான், செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கியர் சைக்கிளோட. பக்கத்துல இருந்தவர் என் சைக்கிளைப் பார்த்துட்டு, சிரிச்சுக்கிட்டே "ஃபர்ஸ்ட் டைமா?"ன்னார். நல்ல மனுஷன்தான். ஆனா எனக்குள்ள ஒரு குரல் "இது உன் இடம் இல்லடா"ன்னு சொல்லிடுச்சு.

எங்க தாத்தா விழுப்புரத்துல சைக்கிள் கடை வச்சிருந்தார். பஞ்சர் ஒட்டுவார், மணிக்கணக்குல வாடகைக்கு சைக்கிள் விடுவார். அந்தக் கடை சைக்கிள்லதான் எங்க அப்பா குரங்குப் பெடல் போட்டுக் கத்துக்கிட்டார். அப்படிப்பட்ட வீட்டுல இருந்து வந்தவனுக்கு, ஒரு சைக்கிள் ரேஸ்ல நிக்கும்போது ஏன் அந்தக் குரல் கேட்கணும்? இந்தக் கேள்வியோடதான் இந்த எபிசோட்.

ஓடும் இயந்திரம்

முதல்ல ஒரு சுவாரசியமான விஷயம். ஓட்டமும் சைக்கிளும் பிறக்கும்போதே ஒட்டிப் பிறந்தவை. 1817ல ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் ரெண்டு சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதுக்கு பெடல் கிடையாது, செயின் கிடையாது. உட்கார்ந்துக்கிட்டு காலால தரையை உதைச்சு உதைச்சுப் போகணும். அவர் வைத்த பேர் 'லாஃப்மஷீன்'. அர்த்தம், ஓடும் இயந்திரம்.

1860களில் பாரிஸ்ல பெடல் வந்தது. 1869 நவம்பர்ல பாரிஸிலிருந்து ரூவான் வரைக்கும் 123 கிலோமீட்டர் ரேஸ். நாயைக் கட்டி இழுக்க வைக்கக் கூடாது, பாய்மரம் கட்டக் கூடாதுன்னு விதியே போட்டாங்க. ஜெயிச்சது ஜேம்ஸ் மூர் என்கிற ஆங்கிலேயர். எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 10 மணி 40 நிமிஷம். கணக்குப் போட்டா மணிக்கு பதினொன்றரை கிலோமீட்டர். இன்னைக்கு நல்லா பயிற்சி எடுத்த ஒரு மராத்தான் ஓட்டக்காரரோட வேகம் அது! ரோடும் மோசம். காத்தடிச்ச டயரை டன்லப் கொண்டுவந்தது 1888லதான். அதுக்குப் பிறகு சைக்கிள் இன்னும் வேகமாச்சு.

யார் அமெச்சூர்?

இப்போ அந்தக் குரலுக்கு வருவோம். ரேஸ் ஃபார்ம்ல நான் எந்தப் பிரிவுல டிக் அடிச்சேன்? 'அமெச்சூர்'. காசுக்காக இல்லாம ஆசைக்காக விளையாடுறவன். கேட்க அழகான வார்த்தை. ஆனா அதோட பழைய கதை அவ்வளவு அழகு இல்லை.

1866ல லண்டன்ல அமெச்சூர் அத்லெட்டிக் கிளப் தொடங்கினாங்க. பல்கலைக்கழகத்துல படிச்ச, வசதியான ஆண்களோட கிளப். அமெச்சூர் யாருன்னு அவங்க வகுத்த விதியில பரிசுப் பணத்துக்கு ஓடினவங்களுக்கு இடமில்லைன்னு இருந்தது. சரி, அதுவாவது புரியுது. கூடவே இன்னொரு வரி. மெக்கானிக், கைவினைஞர், கூலித் தொழிலாளி, இவங்களும் அமெச்சூர் ஆக முடியாது. அவங்க காசு வாங்கி ஓடினாங்களா இல்லையாங்கிறது பிரச்சினையே இல்லை. கையால உழைச்சு சாப்பிடுறதே தகுதியிழப்பு.

அன்றைய ஆங்கிலத்துல மெக்கானிக்னா பொதுவா கைவேலை செய்கிறவர். உடல் உழைப்பு செய்றவனுக்கு ஏற்கெனவே பலம் இருக்கு, அது நியாயமான போட்டி இல்லைன்னு ஒரு சமாதானம் சொன்னாங்க. உண்மையான காரணம் நமக்குத் தெரியாததா? கூலிக்காரன்கிட்ட தோத்துட்டா மானம் என்னாவது! யார் பக்கத்துல யார் நிக்கலாம்னு வேலையை வச்சு முடிவு பண்றது நம்ம ஊருக்கும் பழக்கமான சங்கதிதானே.

1880ல ஆக்ஸ்ஃபோர்டில் அமெச்சூர் அத்லெட்டிக் அசோசியேஷன் உருவானபோது ஓட்டப் பந்தயங்களிலிருந்து இந்த வரி நீக்கப்பட்டது. படகுப் போட்டிக்காரங்க விடலை. ஹென்லி ரெகாட்டா என்கிற புகழ்பெற்ற போட்டியில உடல் உழைப்பாளிகளுக்கான தடை 1937 வரைக்கும் இருந்தது. 1920ல அமெரிக்கர் ஜான் கெல்லியோட எண்ட்ரியை நிராகரிச்சாங்க. அவருடைய கிளப் மேல இருந்த பழைய தடை ஒரு காரணம். அவர் செங்கல் அடுக்கும் கொத்தனாரா வேலை பார்த்தவர் என்பது இன்னொரு காரணம். அதே வருஷம் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்ல அவர் தங்கம் வாங்கினார்.

இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தாத்தா முகம்தான் ஞாபகம் வந்தது. அந்த விதிப்படி பார்த்தா, கிரீஸ் கையோட உட்கார்ந்திருந்த அவருக்கு ஸ்டார்ட் லைன்ல இடமே இல்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம்

அப்படின்னா, யார் வேணும்னாலும் வரலாம்னு நினைக்கிற இந்த மாதிரி ரேஸ் எங்கிருந்து வந்தது? 1974 செப்டம்பர் 25, புதன்கிழமை. அமெரிக்காவின் சான் டியாகோவில் மிஷன் பே என்ற இடம். ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷானஹன்னு ரெண்டு பேர், உள்ளூர் ஓட்டக் கிளப் ஆட்கள், வேலை முடிஞ்சு வர்றவங்களுக்காக ஒரு விளையாட்டு ஏற்பாடு செய்தாங்க. ஓடணும், சைக்கிள் மிதிக்கணும், நீந்தணும். 46 பேர் கலந்துக்கிட்டாங்க. கடைசி ஆட்கள் நீந்தி வர்றதுக்குள்ள இருட்டிடுச்சு. கார்களைக் கரையில நிறுத்தி ஹெட்லைட் போட்டு வழி காட்டினாங்க. 'டிரையத்லான்' என்ற பெயரோட நடந்த நவீன போட்டிகளுக்கு இதைத்தான் தொடக்கமா சொல்றாங்க.

அந்தக் கூட்டத்துல ஜான் காலின்ஸ்னு ஒரு கடற்படை அதிகாரி இருந்தார். 1978ல ஹவாயில அவரும் அவர் மனைவி ஜூடியும் தொடங்கினதுதான் அயர்ன்மேன். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், ஒரு முழு மராத்தான். 15 பேர் கிளம்பி 12 பேர் முடிச்சாங்க. முதல்ல வந்த கோர்டன் ஹாலருக்கு கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம் ஆச்சு. ரெண்டாவதா வந்த ஜான் டன்பாருக்கு வழியில தண்ணி தீர்ந்துபோக, உதவிக்கு வந்தவங்க பீர் கொடுத்து ஓட வச்ச கதை ரொம்பப் பிரபலம்.

நீச்சல் வேண்டாம், ஓட்டமும் சைக்கிளும் போதும்னு நினைச்சவங்க 1980களில் தனியா ரேஸ் நடத்தினாங்க. அமெரிக்காவில் அதுக்கு முதல்ல 'பையத்லான்'னு பேரு. சிக்கல் என்னன்னா, பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பையத்லான் 1960லிருந்தே ஒலிம்பிக்ல இருக்கு. அந்தக் குழப்பம் தீரத்தான் டூயத்லான். 1989ல சுவிட்சர்லாந்தின் ஸோஃபிங்கன் ஊரில் பவர்மேன் போட்டி தொடங்கியது. 1990ல முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. டிரையத்லான் 2000ல சிட்னி ஒலிம்பிக்குக்குப் போயிடுச்சு. டூயத்லான் இன்னும் போகலை. ஃபிளாட்ல வளர்ந்து நீச்சல் கத்துக்காத என்னை மாதிரி ஆளுக்கு அதுவே போதும்.

பதினாலாவது கிலோமீட்டர்

சரி, என் ரேஸ். முதல் ஓட்டம் ஓகே. சைக்கிள்ல பதினாலாவது கிலோமீட்டர்ல, எதிர்காத்துல கியர் மாத்தினேன், செயின் கழண்டுடுச்சு. சர்ர்ருனு கார்பன் சைக்கிள்கள் தாண்டிப் போகுது. ஒரு நிமிஷம் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அப்புறம் கை தானா வேலை செஞ்சுது. பின்னாடி இருக்கிற கியர் கையைத் தள்ளி செயினைத் தளர்த்து, முன் பல் சக்கரத்தோட அடிப்பல்லுல ரெண்டு கண்ணியை மாட்டு, பின்சக்கரத்தைத் தூக்கி பெடலை மெல்லச் சுத்து. பத்து வயசுல தாத்தா கத்துக்கொடுத்தது. கியர் மட்டும் அப்போ கிடையாது. ஒரு நிமிஷத்துக்குள்ள மறுபடி மிதிச்சுக்கிட்டிருந்தேன்.

கடைசி 2.5 கிலோமீட்டர் பத்திப் பேசாம இருக்கிறது நல்லது. இத்தனை நேரம் வட்டமா சுத்தின காலை இறங்கி ஓடச் சொன்னா, அது ஓடுறதில்லை, கட்டையா தடுமாறுது. நூறு மீட்டர் போனதும் ஒரு வாலண்டியர் பொண்ணு கத்துது, "அண்ணா, ஹெல்மெட்!" கழட்டவே மறந்துட்டேன். அதைக் கையில பிடிச்சுக்கிட்டே முடிச்சேன். எனக்குப் பின்னாடி வந்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தான். ஆனா இருந்தாங்க!

மெடல் போட்டோவுல பார்த்தா ரெண்டு கையும் கன்னங்கரேல்னு கிரீஸ். முதல்ல கிராப் பண்ணலாமான்னு யோசிச்சேன். பண்ணலை. அப்படியே அப்பாவுக்கு அனுப்பினேன். நேரம் என்ன, எத்தனாவது வந்தேன், எதுவும் கேட்கலை. "செயின் கழண்டுச்சா? வீட்டுக்குப் போனதும் தொடச்சு எண்ணெய் போடு"ன்னார்.

போட்டுட்டேன் மக்களே. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.