காற்றுக்கு ஏற்ற எரிபொருள்



சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த பையன் ஒருவன், தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தான். வேகம் கூட வேண்டுமென்று காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, புகைக்குழாயையும் மாற்றியிருக்கிறான். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மட்டும் மாற்றவில்லை. மூன்றாம் நாள் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிட்டது. "காற்று நிறையப் போனால் நல்லதுதானே, சார்?" என்று கேட்டான். உலகத்துப் பந்தயக்காரர்களும் பெரிய கார் நிறுவனங்களும் பல்லாண்டு மல்லுக்கட்டிய கேள்வி அது. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விறகு இருக்கும்போது ஊதுகுழலால் ஊதினால் தீ கொழுந்துவிட்டு எரியும். விறகு இல்லாத அடுப்பை ஊதினால் சாம்பல்தான் பறக்கும். எஞ்சினிலும் காற்றுக்கு ஏற்ற எரிபொருள் வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று தேவை. காற்றைக் கூட்டி, பெட்ரோலைக் கூட்டாமல் விட்டால், எஞ்சினுக்குள் சூடு எல்லை மீறும், கலவை நேரம் தப்பி வெடிக்கும், பிஸ்டன் உருகும்.

எஞ்சினுக்கு ஊதுகுழலாக வந்ததுதான் டர்போ. வெளியே போகும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். 1905-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி இதற்குக் காப்புரிமை பெற்றார். 1918-இல் அமெரிக்காவின் சான்போர்டு மாஸ், பைக்ஸ் பீக் என்ற உயர்ந்த மலையுச்சியில் விமான எஞ்சின் ஒன்றைச் சோதித்தார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், மெல்லிய மலைக்காற்றில் 230 ஆக இளைத்தது. டர்போ பூட்டியதும் 356 ஆக உயர்ந்தது. மலையில் இழந்த காற்றை டர்போ மீட்டுக் கொடுத்தது. ஆனால் தரையிலேயே டர்போவைப் பூட்டினால், எஞ்சின் அதுவரை காணாத அளவு காற்று உள்ளே வரும். எரிபொருள் சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

இந்தச் சிக்கலைக் கடுமையாகச் சோதித்த இடம் 'டிராக்' பந்தயம். இரண்டு கார்கள் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, நேர்ப்பாதையில் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர், ஓட வேண்டும். கலிபோர்னியாவில் இளைஞர்கள் பொதுச் சாலைகளிலேயே இப்படிப் போட்டி போட்டதால் உயிராபத்து பெருகியது. அவர்களைச் சாலையிலிருந்து தனிப் பந்தயத் தளத்துக்குக் கொண்டுவரும் நோக்கத்தோடு வாலி பார்க்ஸ் 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார்.

அதற்கு முன்பே, ஸ்டூவர்ட் ஹில்போர்ன் என்பவர் கார்புரேட்டரை ஒதுக்கிவிட்டு, பம்ப் மூலம் எரிபொருளை நேரே பீச்சும் முறையை உருவாக்கினார். 1948-இல் அவருடைய கார் வறண்ட ஏரிப்படுகையில் மணிக்கு 150 மைல் வேகத்தைத் தொட்டது. எஞ்சினே அந்தப் பம்பைச் சுழற்றியதால், எஞ்சின் வேகம் கூடக்கூட எரிபொருளும் கூடியது. பந்தயக்காரர்கள் விரும்பிய மெத்தனாலுக்கும் இது கைகொடுத்தது. ஒரே அளவு காற்றுக்குப் பெட்ரோலைவிட இருமடங்குக்கும் மேல் மெத்தனால் வேண்டும்.

1962-இல் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் கார்புரேட்டர்தான் இருந்தது. சூட்டைத் தணிக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். தொல்லை மிகுந்து, 1963-ஓடு அந்தக் கார் நின்றுபோனது.

பியூக் நிறுவனமும் 1978-இல் தன் டர்போ காருக்குக் கார்புரேட்டரையே வைத்தது. 1984-இல் மின்னணுக் கருவி அளந்து பீச்சும் முறைக்கு மாறியதும் 200 குதிரைத்திறன் கிடைத்தது. அழுத்தத்தால் சூடான காற்றைக் குளிர்விக்கும் கருவியும் சேர்ந்தபின், 1986-இல் அது 235 ஆனது; 1987-இல் 245 ஆனது. டிராக் பந்தயக்காரர்கள் இந்தக் காரை விரும்பி வாங்கினார்கள்.

வாங்கியவர்கள் டர்போ அழுத்தத்தை இன்னும் ஏற்றினார்கள். எரிபொருள் மறுபடியும் பின்தங்கியது. அனுபவப்பட்டவர்கள் வரிசையாகச் செய்தது இதுதான். முதலில் பெரிய பம்ப். அடுத்து அந்தப் பம்புக்குத் தடித்த மின்கம்பி. பம்ப் பின்னால், பேட்டரி முன்னால். மெல்லிய கம்பியில் மின்சாரம் இளைத்துவிடும். லயத்தின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மூன்றாவது, அழுத்தச் சீராக்கி. எரிபொருள் 3 பார் அழுத்தத்தில் பீச்சும்போது டர்போ எதிர்ப்புறம் 1 பார் தள்ளினால், எரிபொருளை 4 பாருக்கு ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பீச்சும் அளவு குறையும். நான்காவது, பெரிய பீச்சுகுழல்கள். கடைசியாக, இவற்றுக்கு ஏற்பக் கணினியின் கணக்கை மாற்றுதல். இவ்வளவும் முடிந்த பிறகே டர்போவில் கை வைப்பார்கள். ஏனெனில் பம்ப் தோற்பது தொடக்கத்தில் அல்ல. எஞ்சின் முழுப் பலத்தோடு ஓடும் கடைசி நூறு மீட்டரில். ஓட்டுநர் உணருமுன்னே பிஸ்டன் போய்விடும்.

அன்று அந்தப் பையனிடம் இதைத்தான் சொன்னேன். "காற்று நல்லதுதான் தம்பி, அதற்கு ஈடான பெட்ரோல் இருந்தால்." கூடவே இன்னொன்றும் சொன்னேன். வேகப் பித்துப் பிடித்த அமெரிக்க இளைஞர்களுக்கே பந்தயத்துக்குத் தனித் தளம் தேவைப்பட்டது. நம் பிள்ளைகள் ஓடும் பெருஞ்சாலையில் எதிரே லாரி வரும். ஓட்டை விழுந்த பிஸ்டனைப் பணம் கொடுத்து மாற்றலாம். பிள்ளையை மாற்ற முடியாது. பெற்றோர்களே, இன்றிரவு சாப்பாட்டின்போது இதை உங்கள் பிள்ளைகளோடு பேசுங்கள்.