தகட்டுக்குக் கீழே ஒரு பெயர்

துவக்கு எண்டாலே எங்களுக்கு வேற ஞாபகங்கள்தான் வரும். ஆனாலும் சுவிற்சர்லாந்தின் கே31 றைபிளின் கதை கேட்க வேண்டியது.

இது 1931 ஆம் ஆண்டு மாதிரி. 1958 வரை பேர்ன் நகர ஆயுதத் தொழிற்சாலையில் செய்தார்கள். தோட்டா 7.5 மில்லிமீற்றர். அங்கே படையாட்கள் துவக்கை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். சேவை முடிந்த பிறகு அது பலருக்குச் சொந்தமானது. அப்படித்தான் பேரப்பிள்ளைகள் வரை வந்தது.

கைக்கு வந்ததும் தேய்ச்சுப் புதுசாக்கத்தான் மனம் சொல்லும். செய்யாதீங்கோ. முதலில் உள்ளே தோட்டா இல்லையெண்டு பார்க்க வேணும். பிறகு இரும்புக்கு மெல்லிய எண்ணெய், கட்டைக்குக் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய். அவ்வளவும் போதும். கட்டையைச் சீவினால் அதில் குத்திய முத்திரைகளும் சேர்ந்து போய்விடும்.

கட்டையின் அடியில் உள்ள தகட்டின் இரண்டு திருகாணிகளையும் கழற்றினால், பல துவக்குகளில் மடித்த கடதாசி ஒன்று இருக்கும்: படையாளின் பெயர், படைப்பிரிவு, சிலவேளை ஊர்.

வரலாறு பெரும்பாலும் துவக்கின் இலக்கத்தைத்தான் எழுதி வைக்கும். இங்கே அதைச் சுமந்தவனின் பெயரும் தப்பியிருக்கிறது. வாசித்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கோ.