தொண்டூர்க் குன்றும் தன்னை அறிதலும்

மகாவீர் ஜயந்தி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்ட மலர்க் குழுவினர், 'தன்னை அறிதல்: தத்துவம், உளவியல், சமூகவியல்' என்று தலைப்பையும் தாங்களே கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் எழுதலாம். எனக்குக் கிடைத்ததோ சில பக்கங்கள். ஆயினும் தொண்டூரில் நடக்கும் விழாவுக்கு எழுதக் கிடைப்பது முன்னோர் செய்த புண்ணியம் என்று ஒப்புக்கொண்டேன். நம் வட்டாரத்துக் கோயில்களின் வரலாற்றையும் மேல்சித்தாமூர் மடத்தின் பெருமையையும் வேறு அன்பர்கள் எழுதுவார்கள். பகவானின் ஐந்து கல்யாணங்களையும் நம் வீட்டுக் குழந்தைகளே சொல்லும். எனவே நேராகக் குன்றுக்குப் போகிறேன்.

கல்வெட்டில் இல்லாத ஒருவர்

தொண்டூர்க் குன்றில் முனிவர்களின் கற்படுக்கைகளும், அவற்றை ஒட்டித் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு சிறு கல்வெட்டும் உள்ளன. கி.பி. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது என்பது எழுத்தமைதி கண்டோர் முடிவு. இளங்காயிபன் என்பவர் ஏவினார். அகழூரார் அறமாகக் கொடுத்தனர். மோசி என்பவர் இருக்கையைச் செய்தார். சொல்லப்பட்டது இவ்வளவுதான். அந்த அகழூர்தான் அருகிலுள்ள அகலூர் என்று அறிஞர் கொள்கின்றனர். ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அறம் செய்த ஊர் இன்றும் ஆதிநாதரை வணங்கி நிற்கிறது. நாம் பெருமைப்பட வேறு என்ன வேண்டும்?

நான் வியப்பது வேறொன்றை. ஏவியவர் பெயர் இருக்கிறது, கொடுத்த ஊரின் பெயர் இருக்கிறது, உளி பிடித்தவர் பெயர்கூட இருக்கிறது. அந்தப் படுக்கையில் கிடந்து தவம் செய்தவர் பெயர் இல்லை. யாருக்காகப் பாறை வெட்டப்பட்டதோ அவரைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. எழுதியவர் மறந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. இல்லறத்தாருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, தொழில் உண்டு. அவற்றை எல்லாம் விட்டுவிட்டு மலை ஏறியவரை எந்தப் பெயரால் எழுதுவது? நம் பஞ்ச நமஸ்கார மந்திரத்தையும் எண்ணிப் பாருங்கள். அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என ஐந்து நிலைகளை வணங்குகிறோம். தனி ஒருவர் பெயரும் அதில் வருவதில்லை. ஆதிநாதர் பெயரோ மகாவீரர் பெயரோகூட இல்லை.

பிற்காலத்தில் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. சோழர் காலத்துத் தொண்டூர்ச் சாசனம் ஒன்றில், விண்ணகோவரையன் வயிரிமலையன் என்னும் சிற்றரசன் வழுவாமொழிப் பெரும்பள்ளிக்கு ஊரும் தோட்டமும் கிணறும் அளிக்கிறான். பெற்றுக்கொண்டவர் பறம்பூர் வச்சிரசிங்க இளம்பெருமானடிகளும் அவர் வழிமாணாக்கரும். நிலம் வந்ததும் பெயர் வேண்டியிருக்கிறது. பத்திரம் என்று ஒன்று எழுதினால் வாங்கியவர் யார் என்று கேட்கத்தானே செய்வார்கள்! அப்போதும் அறம் அடிகளோடு நிற்காமல் மாணவர் வழியாகத் தொடர்வதைக் கவனிக்க வேண்டும்.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரு பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில் வீற்றிருக்கின்றனர். அங்கே சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. வட்டெழுத்து வளர்ச்சியை ஆராய்வோர் அதன் எழுத்துக்காக அக்கல்லைத் தேடிப் போவார்கள். நாம் போக வேண்டிய காரணம் வேறு. உடம்பு நான் என்று நம்புகிற ஒருவரால் ஐம்பத்தேழு நாள் அந்த உடம்பு மெலிவதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? சல்லேகனை என்னும் இந்த நோன்பைத் தற்கொலையோடு சேர்த்துப் பேசும் வழக்கறிஞர்கள் அந்தப் பாறைக்கு முன் சற்று நேரம் உட்கார வேண்டும். தற்கொலை சினம், செருக்கு முதலிய கசாயத்தால் விளைவது. சல்லேகனை கசாயம் தேய்ந்தபின் எடுப்பது.

அரசன் போகிறான்

ஸ்ரீ குந்தகுந்தாசாரியர் நமக்கு அந்நியர் அல்லர். வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில் அவர் திருவடிகளை வணங்காதவர் இம்மலரைப் படிப்போரில் அரிது. திருக்குறளும் அவர் செய்ததே என்ற வழக்கை இங்கே நான் எடுக்கப்போவதில்லை. எடுத்தால் மலர் முழுவதும் அதற்கே சரியாகிவிடும். பிராகிருதத்தில் அவர் அருளிய சமயசாரம் ஆன்மாவைப் பற்றிய நூல்களில் தலையாயது என்பது என் துணிபு.

அதில் ஓர் இடம் கோட்டை ஊர்க்காரர்களுக்கென்றே சொன்னதுபோல் இருக்கும். படை புறப்பட்டுப் போகிறது. யானை, குதிரை, காலாள் எல்லாம் போகின்றன. பார்த்தவர்கள் 'அரசன் போகிறான்' என்கிறார்கள். அரசன் ஒருவன்தான், ஆயினும் பேச்சு வழக்கில் படை முழுவதும் அரசன் ஆகிவிடுகிறது. அப்படியே சினம், செருக்கு, விருப்பு, வெறுப்பு என்று ஒரு பெரும்படை உள்ளே நடக்கிறது. அதை 'நான்' என்கிறோம். 1677இல் சிவாஜி செஞ்சிக்கு வந்தார் என்று நாமும்தான் எழுதுகிறோம். வந்த ஆயிரக்கணக்கானவர்கள் அந்த ஒரு பெயருக்குள் அடங்கிவிட்டார்கள்.

இந்த வழக்கு பொய் என்று ஆசாரியர் தள்ளிவிடவில்லை என்பதே நுட்பம். வியவகார நயம், நிச்சய நயம் என்று இரண்டு பார்வை வைக்கிறார். வியவகாரத்தில் நான் இன்னாருடைய மகன், இன்ன ஊரான், கோபக்காரன். அது உலகத்துக்குத் தேவை. அது இல்லாமல் உயர்ந்த பொருளைக் கற்பிக்கவும் முடியாது என்று அவரே சொல்கிறார். நிச்சயத்தில் ஆன்மா அறிவதும் காண்பதுமே இயல்பாக உடையது. எறும்பின் உடம்பிலும் யானையின் உடம்பிலும் அதனதன் அளவில் நிறைந்திருக்கிறது என்பது வியவகாரப் பேச்சே. ஒன்றை மறுத்து மற்றொன்றைப் பிடிப்பவன் அநேகாந்தத்தை இழந்தான்.

இந்நூலை 1950இல் ஆங்கிலத்தில் தந்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். தென்னார்க்காடு தந்த பேரறிஞர். கிரேக்கர் தொடங்கி நவீன அறிவியல் வரை ஆன்மாவைப் பற்றி மேனாட்டார் எண்ணியவற்றை அதன் முன்னுரையில் நிரலாக எடுத்து நிறுத்துப் பார்த்திருக்கிறார். இன்று குழுவினர் எனக்குத் தந்த தலைப்பை அவர் எப்போதோ எழுதி முடித்துவிட்டார் என்றே சொல்லலாம்.

நீலகேசியும் நினைவும்

பேராசிரியர் 1936இல் பதிப்பித்த நீலகேசியைப் பற்றி நான் அதிகம் பேசினால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். இளமையிலிருந்து என் கைவிட்டு நீங்காத நூல் அது. பழையனூர் நீலி என்று ஊரை அச்சுறுத்திய பேய், முனிச்சந்திரர் உபதேசத்தால் திருந்தி, சமயவாதிகளைத் தேடித் தேடி வாதம் செய்கிறது. இதைவிடத் துணிவான கற்பனை தமிழில் உண்டா? முனிவரை மயக்க வந்தவளே அறத்தின் வாயாக மாறுகிறாள்! ஒருவருடைய இயல்பு பிறப்பால் முடிந்துவிட்டது என்று நினைப்போருக்கு இக்காப்பியத்தின் முதற்பகுதியே விடை.

பௌத்தரோடு அவள் செய்யும் வாதம் ஆன்மாவைப் பற்றியது. எல்லாம் கணந்தோறும் அழிந்து புதிதாகத் தோன்றுகிறது, நிலையான ஆன்மா இல்லை என்பது அவர்கள் கொள்கை. அப்படியானால் வினை செய்தவன் ஒருவன், பயன் நுகர்பவன் வேறொருவனா? நேற்றுக் கண்டவன் அழிந்துபோனான் என்றால் இன்று நினைப்பவன் யார்? அவள் கேள்விகள் இந்த வழியில் போகின்றன. பூதவாதத்தில் பிசாசகன் என்பவன், பூதங்கள் கூடினால் அறிவு தோன்றும், பிரிந்தால் போய்விடும், உயிர் என்று தனியே ஒன்று இல்லை என்கிறான். வாதத்தின் முடிவில் நீலகேசி தன் பழைய பேய் வடிவைக் காட்டுகிறாள். அவன் நடுங்கிப் போகிறான். தர்க்க நூல் வல்லோர் இதை முறையல்ல என்பார்கள். எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும்.

ஏறக்குறைய நீலகேசியின் கேள்வியையே தாமும் எழுப்பி, ஆளை ஒருவராக ஆக்குவது நினைவே என்றார் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் ஜான் லாக். டேவிட் ஹியூம் 1739இல் பௌத்தர் பக்கம் போய்விட்டார்: உள்ளே தேடினால் தனித்தனி உணர்வுகள் அகப்படுகின்றன, 'நான்' அகப்படவில்லை என்றார். பின்வந்த உளவியலார் நினைவையே சோதனைக்கு உட்படுத்தினர். கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் படிக்கச் செய்து, இடைவெளி விட்டு விட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்ல, அறிமுகமில்லாத செய்திகள் உதிர்ந்து, கதை அவரவர் பழகிய வடிவத்துக்கு மாறிவிட்டது. 1932இல் வெளிவந்த அவர் நூலின் முடிவு, நினைவு என்பது பெட்டியில் வைத்து எடுப்பதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்பது.

அப்படியானால் நீலகேசி தோற்றாளா? இல்லை என்பேன். நினைவின் உள்ளடக்கம் பிழைபடலாம். பிழை என்று பின்னர் தெரிந்துகொள்பவன் முன்பு பிழையாக நினைத்தவனேயாக இருந்தால்தான் 'நான் தவறாக நினைத்தேன்' என்று சொல்ல முடியும். 'அதுவே இது' என்று அறியும் பிரத்தியபிஞ்ஞையை நம் தருக்க நூலார் நினைவிலிருந்து பிரித்துத் தனி அளவையாக வைத்தது இதனால்தான். இதே விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டாரும் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் இதற்கு அடுத்த வீட்டு வழியில்தான் போகிறார்: இல்லை என்று மறுப்பதற்கும் ஒருவன் வேண்டும், என் உடம்பு என்பவன் உடம்புக்கு உடையவனே அன்றி உடம்பு ஆகான். மேற்கே திருவண்ணாமலையில் ரமணரிடம் 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட 'நான் யார்?' என்ற கேள்வி உலகப் புகழ் பெற்றது. அங்கே விடை ஒன்றில் கரைவதாக முடியும். நம் சமயத்தில் வீடுபெற்ற ஆன்மாவும் தனி ஆன்மாவே. இந்த வேறுபாட்டை மழுப்பி 'எல்லாம் ஒன்றுதான்' என்று மேடையில் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

வில்லியம் ஜேம்ஸையும் சொல்லாமல் விடக்கூடாது. 1890இல் வெளிவந்த உளவியல் பெருநூலில் அவர் அறியும் தன்னையும் அறியப்படும் தன்னையும் பிரித்தார். அறியப்படுவதில் உடம்பும் உடைமையும் ஒரு பகுதி, பிறர் கொண்ட மதிப்பு ஒரு பகுதி, உள்ளத்தின் இயல்புகள் ஒரு பகுதி. உடம்பையே தானெனக் கொள்ளும் பகிராத்மா, உள்ளே ஆன்மாவை உணரும் அந்தராத்மா, குற்றம் நீங்கிய பரமாத்மா என்ற நம் மூவகையோடு இதை அப்படியே பொருத்திக் காட்டும் ஆசை எழுகிறது. பொருந்தாது. முதலாவது ஓரளவு ஒத்துப்போகும். பரமாத்மா அவர் கணக்கிலேயே இல்லை.

வடிகட்டிய தண்ணீர்

சமூகவியலுக்கு வருகிறேன். நம் பாட்டிமார் சொல்லி, மயிலை சீனி. வேங்கடசாமியும் 'சமணமும் தமிழும்' நூலில் எடுத்தெழுதிய செய்தி ஒன்று உண்டு. 1478ஆம் ஆண்டோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஆண்டுக் கணக்கை வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். செஞ்சியை ஆண்டவன் சினத்துக்கு அஞ்சிச் சமணர் பலர் திருநீறு பூசிக்கொண்டு சைவராக வாழ்ந்தனர். அப்போது திண்டிவனத்தை அடுத்த வேலூரில் ஒருவர் தண்ணீரை வடிகட்டிக் குடித்தார். வடிகட்டினாலே சமணன் என்று சேவகர் பிடித்துக்கொண்டு போயினர். அரசனுக்கு அன்று மகன் பிறந்திருந்ததால் உயிர் தப்பினார். சிரவணபெளகுளம் சென்று கற்று, வீரசேனாசாரியர் ஆனார். தாயனூர் கங்கய்ய உடையார் அவரை அழைத்து வந்து ஊர் ஊராக நம்மவரை மீண்டும் சமயத்தில் சேர்த்தார் என்பது வரலாறு. திரும்பி வராதவர்களின் வழியினர் நீறு பூசியவர்களாகவே நின்றுவிட்டார்கள்.

அமெரிக்கச் சமூகவியலார் சார்லஸ் கூலி 1902இல் சொன்னது, பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் எண்ணிக்கொள்வதிலிருந்தே 'நான்' உருவாகிறது என்பது. ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் பிறர் பார்வையை உள்வாங்கிய பகுதியையும் அதற்கு எதிர்வினை ஆற்றும் பகுதியையும் பிரித்தார். அவர் 1931இல் மறைந்தபின் மாணவர்களின் குறிப்புகளைக் கொண்டு 1934இல் நூல் வந்தது. குருவின் சொல்லை மாணவர் காத்த விதம் நமக்குப் புதிதன்று. எர்விங் காஃப்மன் 1959இல் வெளிவந்த நூலில் மனிதர்கள் சபைக்கு ஒரு முகமும் திரைக்குப் பின்னே ஒரு முகமும் கொண்டு பழகுவதை விரித்தார்.

மூவரையும் வேலூரில் தண்ணீர் வடிகட்டியவர் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நீறு பூசிய நெற்றி சபைக்கானது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவர் துணியால் தண்ணீரை வடிகட்டுகிறார். நீரில் உள்ள சிற்றுயிர் சாகக்கூடாது என்பதற்காகச் செய்தது அது. அந்த உயிர்களா அவரைப் பாராட்டப் போகின்றன? பிறர் கண்ணாடியில் தெரிந்ததே நான் என்றால், நெற்றியை மாற்றியபோதே கையும் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அந்தக் கையில் இருந்தது பல தலைமுறைத் தாய்மார் பழக்கிய பழக்கம் என்று சமூகவியலார் மறுமொழி சொல்லலாம். சரிதான், அதனால்தான் நல்லொழுக்கத்தை நற்காட்சியோடும் நன்ஞானத்தோடும் சேர்த்து மும்மணி என்றார்கள். ஒழுக்கம் சமூகம் தருவது. உயிரைக் கொடுத்தும் அதைக் காப்பவன் தனி ஆன்மா.

இளைஞர்களுக்கு

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துவிட்டு விழாவுக்கு மட்டும் ஊர் வரும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள். ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமருங்கள். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். இரவில் அன்றைய குற்றங்களை எண்ணிப் பிரதிக்கிரமணம் செய்யுங்கள். குகைகளுக்குப் போனால் பாறையில் பெயிண்டால் பெயர் எழுதாதீர்கள். எழுத்து தெளிவாகப் படத்தில் விழ வேண்டும் என்று கல்வெட்டில் சுண்ணாம்புக்கட்டியும் தேய்க்காதீர்கள்.

ஊருக்கு ஒன்றாக நீலகேசி வகுப்பு தொடங்கலாம் என்று குழுவினரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு யோசனையும் உண்டு. முதலில் உள்ள தருமவுரையிலேயே எல்லாவற்றையும் பிடித்துவிடப் பார்த்துப் பலர் நூலை மூடிவிடுகிறார்கள். கதைப் பகுதியை மட்டும் படித்துவிட்டு நேரே குண்டலகேசி வாதத்துக்குப் போங்கள். சமயதிவாகர வாமன முனிவரின் உரை பக்கத்தில் இருக்கட்டும். வடசொல் மிகுதியைக் கண்டு அஞ்ச வேண்டாம். பத்துச் செய்யுள் தாண்டினால் பழகிவிடும். மொக்கல வாதத்தையும் புத்த வாதத்தையும் மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அவை நீளமானவை, வகுப்பில் சண்டை வராமல் முடியாது.